விதைப்புக்கு முந்திய இரவு

(வெள்ளி விழா உழவர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் விதையைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்திருக்கின்றார்களே என்று சிலர் வியந்திருக்கக்கூடும். எனக்கு முன் பேசிய அறிஞர்கள் கல்வி உதவித்தொகையைப் பற்றியும், விடுதிகளைப் பற்றியும், அரசுப் பணித் தேர்வுகளைப் பற்றியும் விளக்கமாக எடுத்துரைத்தனர். அவையெல்லாம் நமக்கு இன்றியமையாதவை. ஆயினும் இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பலருடைய பெற்றோர் இன்றும் மண்ணை நம்பியே வாழ்கின்றனர். விடுதிக்கு வரும் பிள்ளையின் பெட்டியும் சட்டையும் புத்தகமும் அரை ஏக்கரிலோ ஓர் ஏக்கரிலோ விளைந்தவற்றை விற்று வாங்கியவை. அந்த ஓர் ஏக்கரில் விதை முளைக்காமற் போனால் என்ன நேரும் என்பதை நான் கண்ணாரக் கண்டவன். ஆதலின், விதைப்பதற்கு முந்திய இரவில் விதைக்குச் செய்ய வேண்டிய பணியைப் பற்றி மட்டுமே இன்று பேச எண்ணுகின்றேன்.

என் தாயார் ஒரு பெருநிலக்காரர் வீட்டில் படியாளாக இருந்தவர். நாற்றங்கால் விடும் காலம் வந்தால் விதைநெல்லை ஊறவைக்கும் வேலை அவருடையது. கோணிச் சாக்கில் தளர்வாகக் கட்டி இரவெல்லாம் நீரில் அமிழ்த்துவார். காலையில் எடுத்து வடியவிட்டு, வைக்கோலைப் பரப்பி மூடி, மேலே கல் ஏற்றி வைப்பார். இடையிடையே கையைச் சாக்கினுள் நுழைத்துப் பார்ப்பார். சூடு மிகுந்திருந்தால் நீர் தெளிப்பார். முளை வெள்ளையாக அரிசியளவு தலைகாட்டியதும், "போதும், இனி வைக்கக் கூடாது" என்பார். அவர் ஒருநாளும் கடிகாரம் பார்த்ததில்லை. அந்த விதையில் ஒரு பிடியும் அவருக்குச் சொந்தமில்லை; அந்த நாற்றங்காலில் ஒரு சாணும் அவருடையதில்லை. நான் வேளாண்மைக் கல்வி கற்கச் சென்றபோது, விதை முளைக்கும் முறையைப் பேராசிரியர் கரும்பலகையில் கோடிட்டு விளக்கினார். அந்தக் கோட்டின் ஒவ்வொரு வளைவிலும் எனக்கு என் தாயாரின் கையே தெரிந்தது.

அந்தக் கோட்டை உங்களுக்குச் சொற்களால் வரைந்து காட்டுகின்றேன். உலர்ந்த விதை நீரைத் தொட்டவுடன் காய்ந்த செங்கல்லைப் போல் அதனை உறிஞ்சுகின்றது. இது முதற்கட்டம். இதற்கு உயிர் வேண்டுவதில்லை. செத்த விதையும் இவ்வாறே ஊறி உப்பும். உப்பிய விதையைக் கண்டு அது நல்ல விதை என்று மகிழ்பவர் ஏமாறுவர். அடுத்து, நீர் உறிஞ்சுதல் ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. வெளியே ஒன்றும் நிகழாததுபோல் தோன்றும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் உள்ளே பெரும்பணி நடைபெறுகின்றது. சேமிப்பில் கிடந்த காலத்தில் சிதைந்த உயிர்ப்பொருள்கள் பழுது பார்க்கப்படுகின்றன. மாவையும் புரதத்தையும் கரைக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. மூச்சு வேகம் கொள்கின்றது. பின்னர் முளைவேர் தோலைக் கிழித்து வெளிவருகின்றது; அது மூன்றாம் கட்டம். முளைவேர் வெளிவரும் வரையில் விதையை மீண்டும் உலர்த்தலாம், அது சாவதில்லை. வெளிவந்தபின் உலர்ந்தால் மடிந்துவிடும். விதையை இரண்டாம் கட்டத்திற்குள் செலுத்தி, மூன்றாம் கட்டத்தின் வாயிலிலே நிறுத்தி வைப்பதே நான் கூறவந்த முறை.

இது புதிதாகத் தோன்றியதன்று. வெள்ளரி விதையைப் பாலிலோ நீரிலோ ஊறவைத்து நடுவதைப் பற்றிக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே குறித்துள்ளார். அண்மைக் காலத்தில், இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹைடெக்கர் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1973-ஆம் ஆண்டில், விதை நீரை அளவோடு மட்டுமே உறிஞ்சுமாறு செய்யும் கரைசல்களைக் கொண்டு இதனை ஆய்வுமுறையாக்கினர். அக்கரைசல்கள் விலையுயர்ந்தவை, காய்கறி விதைக் குழுமங்களுக்கே அவை எட்டின. நமக்கு நெருக்கமானது 1990-களில் நடந்த வேறொரு பணி. குஜராத், இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் மேட்டுநில மானாவாரிப் பகுதிகளில், பெரும்பாலும் பழங்குடியினரான ஏழை உழவர்களோடு சேர்ந்து, டேவிட் ஹாரிஸ் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் மக்காச்சோளம், நெல், கொண்டைக்கடலை ஆகியவற்றின் விதைகளை வெறும் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மேலீரம் மட்டும் போகத் துடைத்து உலர்த்தி, விதைத்துப் பார்த்தனர். தத்தம் நிலத்தில் ஒரு பாதியில் ஊறிய விதையும் மறுபாதியில் ஊறாத விதையும் இட்டு உழவர்களே ஒப்பிட்டனர். பயிர் விரைவாகவும் சீராகவும் முளைத்தது, முன்னதாகப் பூத்தது, முன்னதாக முற்றியது, விளைச்சலும் பலவிடங்களில் உயர்ந்தது என்று அவர்களே கூறினர். தண்ணீரைத் தவிர அவர்கள் எதையும் செலவிடவில்லை.

இரண்டு நாள் முன்னதாக முளைப்பதில் என்ன பெரிய நன்மை என்று கேட்கலாம். நன்செய்க்காரர் அவ்வாறு கேட்பது நியாயமே. கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கு இரண்டு நாள் என்பது பெரிதன்று. மானாவாரி நிலத்தில் ஒரு மழைக்குப்பின் மண்ணின் ஈரம் நாள்தோறும் கீழே இறங்கிக்கொண்டே போகும். முந்தி முளைத்த வேர் அதனைத் துரத்திப் பிடிக்கும். பிந்தி முளைத்தது பிடிக்காது. மேல்மண் காய்ந்து ஓடுபோல் இறுகுமுன் தலைதூக்கிய முளை பிழைக்கும். மற்றவை உள்ளேயே மடங்கிக் கிடக்கும்.

நம்மவர்க்குக் கிடைத்த நிலம் எத்தகையது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெரிதும் தரிசுகள். அவற்றுள்ளும் பல கைமாறிப் போயின. எஞ்சியவை கல்லும் சரளையுமான மேட்டு நிலங்கள். அண்ணல் அம்பேத்கர் 1918-ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியுள்ளார். நிலம் சிறிதாயிருப்பது ஒன்றையே குறையாகக் கொள்ளலாகாது, அதனோடு சேர வேண்டிய முதலும் கருவியும் போதிய அளவில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். உழவில் மிகுதியாகத் தேங்கியுள்ள மக்கள் தொழில்துறைக்குச் செல்ல வேண்டும் என்றும் அவர் கூறினார். நம் பிள்ளைகள் மண்ணிலேயே கிடக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால், படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை அந்த மண்தானே அவர்களுக்குச் சோறிட வேண்டும்? முதல் இல்லாதவன் கையில் முதலுக்கு ஈடாக ஏதேனும் இருக்குமாயின், அது விதையை நன்கறிந்த அறிவாகத்தான் இருக்கும்.

இனி, என் பிழை ஒன்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறையில் ஊருக்கு வந்தேன். என் சிற்றப்பா ஓர் ஏக்கரில் உளுந்து விதைக்க 8 கிலோ விதை வாங்கி வைத்திருந்தார். வகுப்பில் கேட்டது நினைவில் புதிதாக இருந்தது. "ஊறவைத்து விதையுங்கள் சிற்றப்பா, இரண்டு பங்கு விரைவாக முளைக்கும்" என்றேன். எத்தனை நேரம் என்று அவர் கேட்டார். நெல்லுக்கு என் தாயார் செய்ததை எண்ணி, "இராத்திரி முழுவதும்" என்று சொல்லிவிட்டேன். காலையில் பார்த்தால் நீர் நுரைத்துக் கிடந்தது. விதைகளின் தோல் சுருங்கிப் பருப்பு இரண்டாகப் பிளந்திருந்தது. அவர் முகத்தில் ஐயம் தோன்றியது. எனினும், படித்த பிள்ளை சொன்னதை மறுக்க மனமின்றி விதைத்தார். நாலில் ஒன்றுகூட முளைக்கவில்லை. சிற்றன்னையின் காதுத் தோடு அடகுக் கடைக்குச் சென்றது. இரண்டாம் விதைப்புப் பிந்திப் போனது. பூக்கும் பருவத்தில் மழை இல்லை. அந்தத் தோடு பிறகு திரும்பி வரவேயில்லை.

நெல்லுக்கு உமி ஒரு கவசம். நீர் மெல்லவே உட்புகும். உளுந்துக்குத் தோல் மெல்லியது, பருப்போ பெரியது. நீர் விரைந்து பாய்ந்தால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வுகள் கிழிகின்றன. நீரில் மூழ்கிக் கிடக்கும்போது மூச்சுக்குக் காற்றும் இல்லை. உள்ளிருந்த சர்க்கரை கசிந்து வெளியேறுகின்றது; காலையில் நான் கண்ட நுரை அதுதான். உளுந்து, பச்சைப்பயறு போன்றவற்றிற்கு 3 மணி நேரமே அளவு என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது. சோளத்திற்கு 6 மணி நேரம். அதற்கு ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் உப்பைக் கரைத்துக்கொள்ளச் சொல்கின்றனர். அந்த உப்பு கிடைக்காதவர் வெறும் நீரில் செய்தாலும் பெரும்பகுதிப் பயன் கிட்டும் என்பது என் பட்டறிவு. மணிக்கணக்கை மீறுவதைவிட ஊறவைக்காமல் விதைப்பது எவ்வளவோ மேல்.

கசிந்து வரும் சர்க்கரை என்றேன். நுண்ணுயிர்களின் கதை அங்கேதான் தொடங்குகின்றது. விதை மண்ணில் ஊறும்போது அந்தக் கசிவு சிறிதளவேனும் இருந்தே தீரும். அதன் மணத்தை அறிந்து மண்ணில் உறங்கிக் கிடந்த பூஞ்சைகள் எழுந்து வருகின்றன. அழுகல் நோய்க்கும் நாற்றுச் சாய்வு நோய்க்கும் காரணமானவை அவை. முதலில் வந்தவர்க்கே அந்த விருந்து. ஆகவே, கதவு திறக்கும் நேரத்தில் நமக்கு வேண்டிய உயிர்களை வாயிலில் அமர்த்திவிட்டால் பகைவர்க்கு இடமில்லாமற் போகும். 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேலன், மேத்ரி, மில்லர் ஆகியோர் இனிப்பு மக்காச்சோள விதையின்மேல் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியத்தைப் பூசி, பின்னர் விதையை ஈரமூட்டி வைத்து விதைத்தனர். பித்தியம் என்னும் அழுகல் பூஞ்சையிலிருந்து அது விதையைக் காத்தது. ஈரமும் உயிரும் சேர்ந்த இம்முறை அதன்பின் பல பயிர்களுக்குப் பரவியது.

நம் நாட்டில் நெல்லுக்கு இது மிக எளிது. ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் நீர். அதில் 10 கிராம் சூடோமோனாஸ் தூள். இரவெல்லாம் ஊறவைத்து, நீரை வடித்து, ஒருநாள் முளைகட்டி விதைப்பது. என் தாயார் செய்ததற்கும் இதற்கும் இடையே அந்த 10 கிராம் தூள் ஒன்றே வேறுபாடு. பயறு வகைகளுக்கும் நம் ஊரார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலைக்கும் ரைசோபியம் வேண்டும். அது வேரில் முடிச்சுகளை உண்டாக்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருவது. இந்த உண்மையை 1880-களில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜெர்மானியர் மெய்ப்பித்தனர். 1888-இல் ஹாலந்து நாட்டு பெய்ஜெரிங்க் அந்தப் பாக்டீரியத்தைத் தனியே பிரித்தெடுத்தார். ஏக்கருக்குரிய 8 கிலோ உளுந்துக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று போதும். மூன்று மணி நேரம் ஊறிய விதையை நிழலில் பரப்பி, கையில் ஒட்டாத அளவுக்கு மேலீரம் போனபின், நன்கு ஆறிய அரிசிக் கஞ்சியில் அந்தத் தூளைக் குழைத்து, விதை நசுங்காமல் மெல்லப் புரட்ட வேண்டும். மீண்டும் அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். கஞ்சி ஆறியிருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கின்றேன். சுடுகஞ்சியில் கலந்து, ஒரு பொட்டலம் உயிரையும் வேகவைத்துவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்று குறைகூறியவர்களை நான் அறிவேன்.

மருந்து என்ற சொல்லாலேயே பல தவறுகள் நேர்கின்றன. பொட்டலத்தில் இருப்பவை உயிர்கள். 2006-ஆம் ஆண்டில் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. தூள் வகை ரைசோபியத்தில் ஒரு கிராமுக்கு ஐந்து கோடி உயிர்கள் இருத்தல் வேண்டும் என்பது அந்த ஆணையின் அளவு. கடையின் தகரக் கூரைக்கடியில் கோடை முழுவதும் வெந்து கிடந்த பொட்டலத்தில் எத்தனை எஞ்சியிருக்கும்? எனவே பொட்டலத்தின்மேல் அச்சிட்ட நாளைப் படியுங்கள். நாள் கடந்ததை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் பானை நிழலில் வையுங்கள். பூஞ்சைக் கொல்லி இரசாயனத்தால் விதைநேர்த்தி செய்வதாயின் அதனை ஒருநாள் முன்னரே செய்து முடித்துவிட்டு, உயிர் உரத்தை மறுநாள் இடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். பயிர் ஒரு மாதத்தைக் கடந்தபின் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது உழைக்கின்றது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வெறும் முடிச்சு. இதனைப் பள்ளிப் பிள்ளைகளும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

புழுதி விதைப்புச் செய்வோர்க்கு ஒரு சொல். மழைக்கு முன்னரே காய்ந்த புழுதியில் விதைப்பவர், ஊறிய ஈரத்தோடு விதையை இடவே கூடாது. ஈரமில்லா மண் விதையின் ஈரத்தைத் திரும்ப உறிஞ்சிவிடும். இல்லையேல் எறும்பு இழுத்துச் செல்லும். அவர்கள் விதையை ஊறவைத்து, நிழலில் பரப்பிப் பழைய உலர்நிலைக்கே கொண்டுவந்து, அதன்பின் விதைக்க வேண்டும். இதற்கு விதையைக் கடினப்படுத்துதல் என்று பெயர். அத்தகைய விதையை அடுத்த ஆண்டுக்கென்று சேமித்து வைக்கலாகாது. அதன் ஆயுள் குறைந்துவிடும். சுடுபுழுதியில் பாக்டீரியங்களும் பிழைக்கமாட்டா. அவற்றைத் தொழு உரத்தில் கலந்து, மழை பெய்து மண் ஈரங்கண்டபின் இடுவதே தகும்.

இம்முறையால் தங்கம் விளையும் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஈரமும் நல்ல மண்ணும் உள்ள வயலில் ஊறிய விதைக்கும் ஊறாத விதைக்கும் வேறுபாடே தெரியாமற் போகலாம். ஆண்டுதோறும் பயறு விளைந்த மண்ணில் ரைசோபியம் முன்னரே குடியிருக்கும். புதிதாக இடுவதால் பெரும்பயன் விளையாது. செத்த விதையை எந்த நீரும் எழுப்பாது. முளைப்புத்திறன் குறைந்த விதையை விற்றுவிட்டு, "ஊறவைக்கத் தவறியது உன் குற்றம்" என்று நம்மவர்மேல் பழிபோடும் வணிகரும் உண்டு. அதற்கு நாம் இடங்கொடுக்கலாகாது. சான்று பெற்ற விதை என்றால் நெல்லுக்கு 80, உளுந்து, பச்சைப்பயறு போன்ற பயறுகளுக்கு 75, நிலக்கடலைக்கு 70 விழுக்காடு முளைத்தாக வேண்டும் என்பது விதி. அந்த எண்களை நம் இளைஞர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இதிலிருந்துதான் சங்கத்திடம் நான் வேண்டிக்கொள்வது பிறக்கின்றது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அறிவியல் கற்று, 1896-இல் கறுப்பின மக்களுக்கென அமைந்த டஸ்கீகி கல்வி நிலையத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். பருத்தியால் வளமிழந்த குத்தகை நிலங்களில் காராமணியையும் நிலக்கடலையையும் பயிரிடுமாறு ஏழை உழவர்களை வற்புறுத்தினார். அவர்கள் கல்லூரிக்கு வர இயலாதவர்கள் என்பதனால், 1906-இல் விதைகளையும் கருவிகளையும் ஏற்றிய வண்டியொன்று அக்கல்வி நிலையத்திலிருந்து அவர்களுடைய ஊர்களை நோக்கிப் புறப்பட்டது. நமக்கு வண்டி வேண்டியதில்லை. நமது விடுதியில் அறுபது மாணவர்கள் உள்ளனர். பின்கட்டில் ஒரு தாழ்வாரம் சும்மா கிடக்கின்றது. சில கோணித் துண்டுகளும், ஒரு வாளித் தண்ணீரும், ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தால் அங்கே விதை முளைப்புச் சோதனை நடத்தலாம். நூறு விதைகளை எண்ணி, ஈரக் கோணியில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, நிழலில் வைத்து, நாள்தோறும் நீர் தெளித்து, உளுந்தாயின் 7 நாளும் நெல்லாயின் 14 நாளும் கழித்துப் பிரித்து எண்ணினால், வந்த எண்ணே விழுக்காடு. எழுபத்தைந்துக்குக் குறைந்தால், விதைக்கும் முன்பே, பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விற்றவரிடம் கேட்கலாம். விதைத்த பின் கேட்டால் எவரும் மறுமொழி சொல்லமாட்டார்.

சங்கத்தின் செயலாளர் இதற்கு இசைந்துள்ளார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கின்றேன். ஆடிப் பட்டத்திற்கு விதை வாங்குவோர், வாங்கிய கையோடு ஒரு கைப்பிடி விதையைத் தாளில் மடித்து, தம் பெயரும் வாங்கிய நாளும் எழுதி, தம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். ஊறவைக்க வேண்டிய மணிக்கணக்கையும் மாணவர்கள் அதே தாளின் மறுபக்கத்தில் எழுதி அனுப்புவார்கள்.

என் சிற்றப்பாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். விதை கெட்ட அந்த ஆண்டில் அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் விடுதி முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதத் தெரியாத அவர் யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். "தம்பி, உளுந்து வாங்கியிருக்கேன். இந்த வருசம் எத்தனை மணி நேரம்?" என்று மட்டும் அதில் இருந்தது. அன்றே நூலகத்திற்குச் சென்று, இரண்டு நூல்களை ஒப்பிட்டுப் பார்த்து, பேராசிரியரிடமும் கேட்டுத் தெளிந்து, மூன்று மணி நேரம் என்று விடை எழுதினேன்.